தக்காளிக்கு எதற்கு இரண்டு பட்டை

ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டோரம் மாடசாமி பட்டறை வைத்து ஆறு வருடமாகிறது. ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஜீப், வேன்களின் அடியில் கனத்தைத் தாங்க அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைச் சரிபார்ப்பதுதான் அவன் வேலை. வண்டி எத்தனை கனம் சுமந்தது என்பதைப் பட்டையின் வளைவைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

2005 ஆடியில் கிருஷ்ணப்பன் என்பவன் ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப்பைக் கொண்டுவந்தான். பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. உத்தனப்பள்ளியில் தக்காளி ஏற்றி ராயக்கோட்டை மண்டிக்குப் போகிற வண்டி என்றான்.

மாடசாமி வழிகளைச் சொன்னான். பழைய பட்டைகளைக் கழற்றிச் சூடாக்கி அடித்து வளைவைக் கூட்டலாம். ஆனால் கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கலாம்; உயரம் வரும், பலம் வராது. புது செட் மாற்றுவதுதான் நல்லது. கூடுதலாகப் பட்டை சேர்க்கவும் செய்யலாம். ஆனால் வண்டி தூக்கிப் போடும், தக்காளி கூழாகிவிடும்.

கிருஷ்ணப்பன் கடைசி வழியைத்தான் பிடித்துக்கொண்டான். பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்க்கச் சொன்னான். பிறகு சற்றுத் தள்ளிப்போய் நின்று, வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தபடி கேட்டான்.

"ஃபுல் லோடு ஏத்துனாலும் காலி வண்டியாட்டம் தெரியணும் மேஸ்திரி. அப்படித் தெரியுமா?"

தக்காளிக்காரர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பழம் நசுங்குமா என்றுதான் கேட்பார்கள். இந்த ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு தக்காளிக் கறைகூட இல்லை. சீட்டுகளைக் கழற்றியிருந்தார்கள், சுற்றிலும் புதுப் படுதா. மாடசாமிக்கு மனசு உறுத்தியது. இருந்தாலும் நமக்கெதற்கு என்று வேலையை முடித்துக் கொடுத்தான். வண்டி நிமிர்ந்து நின்றது.

அவன் மனைவி பேச்சியம்மாள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்த மாதம் ரேஷனில் அரிசி வாங்குவதற்காக இரண்டு முறை ஷிப்டை மாற்றிப் போட்டுக்கொண்டு போயும் வெறும் பையோடுதான் திரும்பினாள். லோடு வரவில்லை என்றார்களாம். லோடு வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகப் பக்கத்து வீட்டு நாகம்மா சொன்னாளாம். மாடசாமி கேட்டுக்கொண்டான். ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குப் போகிறது என்று ஊரில் பேச்சு இருந்தது. அன்றிலிருந்து எல்லைப் பக்கம் போகிற ஜீப்புகளை நின்று பார்க்க ஆரம்பித்தான்.

மூன்று வாரம் கழித்துக் கிருஷ்ணப்பன் மறுபடி வந்தான். இடப்பக்கம் லேசாக இறங்குகிறது, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வண்டியை விட்டுப் போனான். மாடசாமி அடியில் படுத்து, பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடித்திருக்கும் யூ போல்ட்டைத் துடைத்தான். பட்டை இடுக்கில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு அரிசி கிடந்தது. விரலால் வழித்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். பருத்த ரேஷன் அரிசி. மேலே தளத்தின் ஓட்டை வழியாகக் கொட்டியிருந்தது.

போலீஸுக்குச் சொல்லலாமா என்று நினைத்தான். பயமாக இருந்தது. பிறகு மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்து, தான் சேர்த்த நான்கு பட்டைகளையும் கழற்றினான். வண்டி பழையபடி பின்னால் தாழ்ந்தது.

சாயங்காலம் வந்த கிருஷ்ணப்பன் வண்டியைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தான்.

"நான் போட்டதை நானே கழட்டிக்கிட்டேன் அண்ணாச்சி," என்றான் மாடசாமி. "எங்க வீட்டு ஒலையில போட வேண்டியதும் நீங்க ஏத்துற அரிசி மூட்டையில கெடக்கு."

கிருஷ்ணப்பன் மறுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "ஊரு விட்டு வந்து பொழைக்கற. வாயைப் பாத்து வெச்சுக்கோ மேஸ்திரி."

அதன் பிறகு மாடசாமி நிம்மதியாக இல்லை. பட்டறை வாசலில் பைக் நின்றால்கூட யாரென்று எட்டிப் பார்த்தான். பழக்கமான இரண்டு வேன்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். அதற்கும் கிருஷ்ணப்பனே காரணமோ என்று யோசித்தான்.

ஒன்பதாம் நாள் எல்லைச் செக்போஸ்ட்டில் ஜீப் பிடிபட்டது. தக்காளிப் பெட்டி இரண்டு வரிசை. அதற்குப் பின்னால் முழுக்க அரிசி மூட்டை. பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் தாழ்ந்து வந்ததால்தான் நிறுத்தினார்களாம்.

வண்டி வேலை யாருடையது என்று விசாரித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் பட்டறைக்கு வந்தார். மாடசாமி நான்கு பட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். கிருஷ்ணப்பன் முதல் நாள் கேட்ட கேள்வியிலிருந்து இடுக்கில் எடுத்த அரிசி வரை எதையும் மறைக்காமல் சொன்னான். எல்லாவற்றையும் எழுதி முடித்த சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்தார்.

"முதல் நாளே உனக்குச் சந்தேகம் வந்துருச்சு. அப்புறம் ஏன் பட்டையைப் போட்ட?"

மாடசாமி நான்கு பட்டைகளையும் மேசையோரம் அடுக்கி வைத்தான். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வேப்ப மரத்தடியில், விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த பேச்சியம்மாள் கம்பெனிச் சீருடையோடு நின்றிருந்தாள். மத்தியானத்திலிருந்து நிற்கிறாள் என்று வாசலில் இருந்த காவலர் சொன்னார். உள்ளே நடந்ததை மாடசாமி சொல்ல வாயெடுத்தான்.

"வீட்ல போயிப் பேசிக்கிடலாம்," என்று அவன் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். இருவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள்.