கரும்பலகையில் ரோமாபுரித் தந்தை

நாமக்கல் கல்லூரி ஒன்றில் பிரவீனா எம்.ஏ. வகுப்புக்குப் பழைய கிரேக்க, ரோமாபுரிச் சமூகம் நடத்துகிறவள். அன்று முதல் மணி நேரத்தில், வழக்கம்போல் கைப்பேசியில் வருகை குறித்தாள். யுவஸ்ரீ இல்லை. ஒரு தட்டு, உடனே அப்பனுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். அதை நம்பித்தான் சாமிகளா, நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறார்கள்.

அப்புறம் பலகையில் எழுதினாள்: பிள்ளைகளின் உயிர்மேல் தந்தைக்கு உரிமை.

பாடம் பாதி ஓடிய பிறகு யுவஸ்ரீயின் தோழி தீபிகா மேசையருகே வந்தாள். எதிர்த் தெரு சார்பதிவாளர் அலுவலகத்தில் யுவஸ்ரீக்கும் அவள் விரும்பிய குமரனுக்கும் பதிவுத் திருமணமாம்.

"ஆப்சென்ட் போட்டுட்டீங்களா மேடம்?"

பிரவீனா கைப்பேசியை எடுத்தாள். எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் யுவஸ்ரீயின் அப்பன் செங்கோட்டையனுக்கு மகள் பதிவு செய்யப்போகிற பேச்சு எட்டியிருந்தது. எந்த நாள் என்பதுதான் தெரியாது. அதை இவள் சொல்லிவிட்டாள்.

போலீசுக்கு எண்ணை அழுத்துகையில் யுவஸ்ரீயே ஓடி வந்தாள். துப்பட்டா முழுக்க ரத்தம், அவளுடையது அல்ல. அலுவலகப் படியில் அப்பா குமரனைக் கழுத்தில் வெட்டிவிட்டார், மூச்சில்லை என்று அவள் திணறும்போதே, செங்கோட்டையன் கொடுவாளோடு வாசலில் நின்றார்.

"நவுருங்கம்மணி. உங்க மெசேசுலதானுங்க தெரிஞ்சுது."

பிரவீனா யுவஸ்ரீயை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அவர் பலகையைப் படித்தார், லேசாகச் சிரித்தார்.

"நீங்களே எழுதிப் போட்டிருக்கறீங்க. அப்புறமென்னங்க."

"அந்தச் சட்டம் செத்து ஆயிரம் வருசத்துக்கு மேலாச்சுங்க. இது என்ற கிளாசு."

கொடுவாள் இறங்கியது. தடுத்த கையிலிருந்து இரண்டு விரல்கள் தெறித்துப் பலகையின் அடியில் விழுந்தன. மறுபடி ஓங்குவதற்குள் மாணவன் இளஞ்செழியன் தள்ளிய பெஞ்சு அவர் முழங்காலை முறித்தது. இன்னொரு பெஞ்சு மேலே விழுந்தது. நாலு பேர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கொடுவாளை யாரோ காலால் எத்தினார்கள்.

தீபிகா துப்பட்டாவைக் கிழித்துப் பிரவீனாவின் கையைச் சுற்றினாள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. பிரவீனா நல்ல கையால் கைப்பேசியை எடுத்து, யுவஸ்ரீயின் பெயரைத் தேடி, தட்டினாள்.

பெஞ்சுக்கு அடியில், செங்கோட்டையனின் சட்டைப்பையிலிருந்து நழுவிக் கிடந்த கைப்பேசி ஒலித்தது. அவர் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார்.

தங்கள் மகள் வகுப்பில் இருக்கிறார்.