ஒரே மைக், ஐந்து வாய்

டப்பிங் அறைக்கு ஜன்னல் கிடையாது; சுவரெல்லாம் கம்பளம். கும்பல் கூச்சல் போடும் காட்சி என்றால் ஐந்து பேரும் ஒரே மைக்கை மொய்த்துக்கொண்டு கத்த வேண்டும். வில்லன்களுக்குக் குரல் கொடுப்பவர் வாயைத் திறந்தாலே எச்சில் தூறல்தான். அன்றைக்கு "அடிங்கடா அவனை!" என்று கத்தும்போதே ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், மைக்குக்கு முன்னால் இருந்த வலையில் சளி நூலாகத் தொங்கியது. அதைச் சட்டைக் கையால் வழித்துவிட்டு, "அடுத்த டேக் போலாமா?" என்றார் அந்த மகராசன்.

குழந்தைகளுக்குக் குரல் கொடுப்பவள் மைக்கை விட்டு இரண்டடி தள்ளிப் போனாள். வீட்டில் அவளுக்கு மூன்று மாதப் பெண் குழந்தை. ஆறு மாதம் ஆகும்வரை அதற்கு ஃப்ளூ ஊசி போட முடியாது.

"சீ! வீட்ல பச்சப்புள்ள இருக்குன்னு தெரியும்ல அண்ணே? காய்ச்சலோட வந்து ஏன் உயிர வாங்குறீங்க?"

"காய்ச்சலா? இது கம்பளத் தூசிம்மா, வருஷம் பூரா இருக்கு. ஃப்ளூ ஊசி நான் போட்டாச்சு. போன மாசம் நர்ஸம்மா ஊசி போட இங்கயே வந்தப்ப, குரல் கட்டிக்கும்னு நீதான் நழுவிட்ட."

"நான் போன வருஷமே போட்டுட்டேன்."

"அது போன வருஷத்துக்கு. அந்தக் கிருமி வருஷா வருஷம் குரல மாத்திக்கிட்டு வருது, நம்மள மாதிரியே."

"மொதல்ல மூக்கத் தொடைங்க. அப்புறம் புத்தி சொல்லுங்க."

வீட்டுக்குப் போனதும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். அப்படியும் அருவருப்பு போகவில்லை. உடம்பு அடித்துப்போட்டதுபோல் வலித்தது. தூக்கம் கெட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டு, குழந்தையின் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள்.

அந்த வாரமே குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தது. ஆஸ்பத்திரியில் இருவர் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இருவருக்குமே ஃப்ளூ.

"அந்த ஆளு தும்முனதுதான் டாக்டர்! கருமம், மைக் பூரா சளி!"

கணவன் அவளைப் பார்த்தான். "அவர் தும்முறதுக்கு முந்தின நாளே உனக்கு இருமல் இருந்துச்சே. மறந்துட்டியா?"



ஆக்சிஜன் குழாயோடு கிடந்த குழந்தையை நர்ஸ் தூக்கி வந்தாள். "மாஸ்க் போட்டுக்கிட்டுப் பால் குடுத்துப் பாருங்கம்மா." அவள் போட்டுக்கொண்டாள். தன் மூச்சு தன் முகத்திலேயே சூடாக அடித்தபோது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.