அரை பீட்

மஞ்சு வயிற்றெரிச்சலோடுதான் ரிகர்சல் பார்க்க வந்திருந்தாள். குற்றாலம் சாரல் விழா மேடைக்கு முன்னால், முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேடையில் கிறிஸ்டி ஜீன்ஸும் விரித்த தலையுமாக மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் டிரம்ஸ், இரண்டு கிடார். ஒரு ஆர்மோனியத்துக்கு வழியில்லை. இதுகள் சேர்ந்து பாட்டைக் கைமா போடப் போகிறதுகள் என்று மஞ்சு நினைத்தாள்.

கிறிஸ்டி ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்துக் கெடுக்கிறாள் என்று விழாக் கமிட்டியிடம் புகார் சொன்னவளே மஞ்சுதான். தென்காசி வட்டாரத்தில் அந்தப் பழைய பாட்டு என்றால் மஞ்சுதான். கல்யாண வீடோ கோயில் கொடை விழாவோ, அவளுடைய இன்னிசைக் குழு அதை ரெக்கார்டில் இருப்பதுபோல அச்சு அசலாக வாசிக்கும். ரெக்கார்டில் அதைப் பாடிய அம்மாள் இரண்டாம் சரணத்தை அரை பீட் பிந்தித்தான் எடுப்பாள். தவறுதான். மஞ்சு அந்தத் தவறையும் சேர்த்தே பாடுவாள். பண்பொழியில் ஒரு கச்சேரியில், அப்போது குழுவில் இருந்த கிறிஸ்டி, அந்த இடத்தைச் சரியான தாளத்தில் எடுத்துவிட்டாள். ஊரே பார்க்க மஞ்சு அவளுடைய மைக்கை அணைத்தாள். மேடையை விட்டு இறங்கிப் போன கிறிஸ்டி பிறகு வரவேயில்லை.

கமிட்டிக்காரர் கடற்கரை அண்ணாச்சி பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் பக்கம் சாய்ந்தார். "கேட்டுட்டுச் சொல்லுங்கம்மா. வேண்டாம்னா அந்தப் பாட்ட எடுத்துரச் சொல்லுதேன்."

"கேட்டுத்தான் தெரியணுமா அண்ணாச்சி?"

டிரம்ஸ் அதிர்ந்தது. நாற்காலிக் கால் வழியாக முதுகில் ஏறியது. கிறிஸ்டி பல்லவியைக் கொஞ்சவில்லை, சண்டைக்குக் கூப்பிடுவதுபோல எடுத்தாள். மைக்செட் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வயரைக் கீழே போட்டுவிட்டுத் தலையை ஆட்ட ஆரம்பித்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்! இரண்டாம் சரணம் வரட்டும், எப்படியும் தாளத்தோடு ஓடிப் போய் விழுவாள் என்று மஞ்சு காத்திருந்தாள்.

அந்த இடத்தில் எல்லாம் நின்றது. டிரம்ஸ், கிடார், எல்லாம். குச்சி அந்தரத்தில் நின்றது. மஞ்சுவின் வாய் தானாகத் திறந்து மூச்சை இழுத்தது. ஒரே ஓர் அடி விழுந்தது. அரை பீட் பிந்தி, மஞ்சு பாடுகிற அதே இடத்தில், கிறிஸ்டி பாய்ந்தாள்.

சண்டாளி! அந்தத் தவறை அப்படியே எடுத்து, பாட்டின் உயிரை அதில் கொண்டு வைத்துவிட்டாள். இத்தனை வருடம் பாடியும் மஞ்சுவுக்கு அது தோன்றியதில்லை. நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, எடுத்துரச் சொல்லவா?" என்றார் கடற்கரை.

ஒரு வார்த்தை போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது.

"பாடட்டும்."

மேடையிலிருந்து கிறிஸ்டி மைக்கிலேயே கேட்டாள். "என்னக்கா, மைக்க எப்ப அணைக்கப் போறிய?"

"வாயாடாதட்டி. முதல்ல இருந்து எடு."

கிறிஸ்டி சிரிக்கவில்லை. டிரம்ஸ்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள். மறுபடியும் அதிர்ந்தது. மஞ்சு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் வலது கால் தாளம் போட ஆரம்பித்தது. இடது காலால் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டாள்.