பதினேழரையாம் எண் சைக்கிள்

"சைக்கிள் குட்டி போடுமாம்மா?" என்று சைக்கிள் அறைக்காரியின் மகள் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், பதினேழாம் எண் சைக்கிளுக்கும் பதினெட்டாம் எண் சைக்கிளுக்கும் நடுவே ஒரு சின்ன சைக்கிள் பிறந்தது. ஏழு வயதுப் பிள்ளை ஓட்டுகிற உயரம். பிறந்தபோதே தன் ஸ்டாண்டில் தானே நின்றது. பச்சை பெயிண்ட் மட்டும் இன்னும் காயவில்லை; திங்கட்கிழமை மதியம்வரை தொட்டவர் விரலில் ஒட்டியது.

அது நாற்பது வீடுகள் உள்ள நான்கு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சைக்கிள் அறை. சுவரில் வீட்டு எண்ணை வெள்ளை பெயிண்டில் எழுதி, அந்த எண்ணுக்கு நேரே அந்த வீட்டுச் சைக்கிள் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அறைக்காரி விடியற்காலை கதவைத் திறப்பாள், இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுவாள். அவள் வேலை அவ்வளவுதான். அதற்குச் சம்பளத்தோடு, பக்கத்திலேயே ஒரு கட்டில் போடுமளவு ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். கணவர் காலமான பிறகு அவளும் மகளும் அதில் இருந்தார்கள். மகள் கேள்வி கேட்டபோது அவள் யாருடைய டயருக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியபடி, "கேட்டுப் பாரு, போட்டாலும் போடும்" என்றாள். மகள் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. நாற்பது சைக்கிள்களிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டாள். அன்று சாயங்காலம் பிடித்த மழை ஞாயிறு காலைவரை விடவில்லை. சைக்கிள்கள் ஐந்து நாள் வெளியே போகாமல், கைப்பிடியோடு கைப்பிடி மாட்டிக்கொண்டு, ஒன்றின் பெடல் இன்னொன்றின் ஆரக்கம்பிக்குள் நுழைந்தபடி நெருங்கி நின்றன. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலையும் ஏறியது.

திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவர்கள் தங்கள் சைக்கிளில் ஒவ்வொன்று குறைவதைக் கண்டார்கள். பதினெட்டாம் வீட்டு ரொட்டிக்கடைக்காரருக்கு இரண்டு ஆரக்கம்பிகள். தபால்காரருக்குச் செயினில் ஆறு கண்ணிகள். நர்சம்மாவுக்குப் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி. இப்படிப் பதினோரு பேர். காணாமல்போனது எல்லாம் சின்ன சைக்கிளில் இருந்தது. அளவு மட்டும் சுருங்கியிருந்தது. தபால்காரர் தன் செயினில் இருந்த கீறலை அடையாளம் கண்டார். கீறலும் சின்னதாகியிருந்தது.

பதினேழாம் வீட்டுக் கணக்கு வாத்தியாருக்குப் போனது பெல். அதை ஏதோ ஒரு பெல் என்று நினைத்துவிடக் கூடாது. வாத்தியாரின் மனைவி மூன்றாம் மாடியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் ஓட்டுகிறவர். மெஷின் இரைச்சலில் வேறு எதுவும் அவர் காதில் விழாது. இந்த பெல் மட்டும் விழும். சாயங்காலம் தெருமுனையில் வாத்தியார் இரண்டு முறை அடிப்பார். மேலே மெஷின் நிற்கும். அவர் மாடி ஏறி வருவதற்குள் அடுப்பில் டீத்தண்ணீர் கொதிக்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான்.

பொது அறையில் வைத்த பொருளுக்குச் சேதம் வந்தால் குடியிருப்போர் சங்கம் நஷ்டஈடு தரவேண்டும் என்பது ஒன்பதாம் விதி. அதற்கென்று அச்சடித்த பாரம் இருந்தது. என்ன சேதம், யாரால், எப்படி என்று மூன்று கட்டங்கள். மூன்றையும் நிரப்பாத பாரத்தைச் சங்கச் செயலாளர் கையாலும் தொடமாட்டார். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். இரண்டாம் கட்டத்தில் ரொட்டிக்கடைக்காரர் 'தெரிந்தால் சொல்லமாட்டேனா' என்று எழுதினார். தபால்காரர் 'மழை' என்றார். நர்சம்மா 'இயற்கை' என்றார். கணக்கு வாத்தியார் மட்டும், விடை தெரியாமல் எதையும் விட்டுப் பழகாதவர் என்பதால், 'சாவி யாரிடம் இருந்ததோ அவரால்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் கெட்டவர் அல்லர். ஒரு வரி எழுதும்போது அது யார் தலையில் போய் விழும் என்று யோசிக்க நம்மில் பலருக்கும் நேரம் இருப்பதில்லை. ஒரே வருஷத்தில் மூன்று சேதங்கள் அறைக்காரியின் பொறுப்பு என்று முடிவானால், அவள் சாவியையும் அறையையும் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது பத்தாம் விதி. வந்திருந்தவை பதினொன்று.

விசாரணை அடுத்த ஞாயிறு காலை முற்றத்தில் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதுவரை சின்ன சைக்கிள் ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டு, சாட்சிப் பொருள் என்று ஒரு சீட்டோடு நின்றது. மகள் தினமும் அதன் எதிரே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கு முக்கால் மணி நேரம் நடந்து போனாள். ஒருநாளும் அதைத் தொடவில்லை. அறைக்காரி சனிக்கிழமையே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். கட்டிய பிறகு, வழக்கம்போல் பம்பை எடுத்துக்கொண்டு போய் நாற்பது சைக்கிளுக்கும் காற்றுப் பார்த்தாள்.

ஞாயிறு காலை செயலாளர் மேசை போட்டு உட்கார்ந்து முதல் பாரத்தை எடுத்தார். "வாத்தியாரே, உங்க பொருளைக் காட்டுங்க."

"காட்டறதுக்கு என்ன இருக்கு? பெல்லு என்னுது. மூடியில ஒரு நசுங்கல் இருக்கும், பஸ்காரன் இடிச்சது."

நசுங்கல் இருந்தது, கடுகளவில். வாத்தியார் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த ஸ்பேனரால் பெல்லைக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்து அடித்துப் பார்த்தார். பலகையைத் தட்டியதுபோல் டொக் என்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் டொக்.

"வாத்தியாரே, பெல்லு உங்க மேல கோச்சுக்கிட்டு இருக்கு!" என்றார் ரொட்டிக்கடைக்காரர். முற்றமே சிரித்தது. வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா பண்ணின இதை?" என்று அறைக்காரியிடம் திரும்பினார்.

"நான் ஒண்ணும் பண்ணலை சார். காத்தடிச்சேன், மழைத்தண்ணியைத் துடைச்சேன். அவ்வளவுதான்."

"உன்னைத் துடைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை சார். ஈரத்தோட நின்னா துரு ஏறிடும்ல?"

தபால்காரர் கூட்டத்திலிருந்து எழுந்தார். "இரும்மா, என் சைக்கிளுக்கும் நீதான் காத்தடிக்கிறியா? மூணு வருஷமா காத்தே எறங்கலையேன்னு, டியூப் வித்தவனை நான் போற எடமெல்லாம் புகழ்ந்துட்டு இருக்கேன்!"

இந்த முறை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் டயரை நினைத்துக்கொண்டார்கள். அப்போது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த மகள் முன்னே வந்தாள்.

"மாமா, அம்மா பேரை எழுதாதீங்க. நான்தான் சைக்கிளுங்ககிட்ட கேட்டேன். ஆனா பெல்லு கேக்கலை. குட்டிதான் கேட்டேன்."

செயலாளர் பேனா மூடியைத் திறந்தார். இரண்டாம் கட்டத்துக்கு இப்போதுதான் ஆள் கிடைத்திருந்தது.

வாத்தியார் அவரைக் கையமர்த்திவிட்டுக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார். "நாப்பது சைக்கிள்கிட்டயும் கேட்டியா?"

"ஆமா. உங்களோடதுகிட்ட மட்டும் ரெண்டு தரம்."

"அது ஏன்?"

"காது கேக்கலையோன்னு நெனச்சேன்."

வாத்தியார் நிமிர்ந்தார். பிறகு பெல்லைச் சின்ன சைக்கிளிலேயே மாட்டி, திருகை இறுக்கி, கட்டை விரலால் அடித்தார். பழைய ஓசை, ஒரு நூல் குறையாமல் ஒலித்தது. மூன்றாம் மாடியில் தையல் மெஷின் நின்றது. ஜன்னலில் அவர் மனைவி தலை நீட்டினார்.

"வந்துட்டீங்களா? தண்ணி வெச்சுட்டேன்!"

"நான் எங்கயும் போகலையே! இங்க கீழதான் இருக்கேன்!"

"அப்புறம் எதுக்கு பெல்லடிச்சீங்க?"

"அது இந்தப் பொண்ணு சைக்கிள்லதான் அடிக்குமாம். என்கிட்ட அடிக்கமாட்டேங்குது. இனிமே நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏங்க, வாய் இல்லையா உங்களுக்கு? கத்துங்க!"

வாத்தியார் மேசைக்குப் போய், தன் பாரத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'சேதம் எதுவும் இல்லை. என் சைக்கிள் மனமறிந்து கொடுத்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற பத்துப் பேரும் வரிசையில் நின்று பாரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரர், தான் அந்த இரண்டு ஆரக்கம்பிகளையும் மாற்றுவதாகத்தான் இருந்ததாகச் சொன்னார். வாத்தியாரின் பாரத்தை மட்டும் செயலாளர் விடவில்லை. முதல் எண் போட்டுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஏறியதை எடுக்க விதியில்லை.

"நஷ்டம் இல்லைன்னா கடன்னு எழுதிக்கறேன். சரியா?"

"எழுதிக்கோங்க" என்றார் வாத்தியார்.

அன்று மாலை செயலாளரே தூரிகையும் பெயிண்டும் கொண்டுவந்து, சுவரில் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே '17½' என்று எழுதினார். எண் இல்லாமல் ஒரு சைக்கிளை நிறுத்த அவர் மனம் ஒப்பவில்லை. அறைக்காரி சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களைப் பழைய இடத்தில் அடுக்கினாள்.

மறுநாளிலிருந்து வாத்தியார் தெருமுனையில் வாயாலேயே "ட்ரிங், ட்ரிங்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். முதல் வாரம் தெருவே கேலி செய்தது. பள்ளியில் பின்வரிசைப் பையன்கள் அவருக்கு 'ட்ரிங் வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மேலே மெஷின் நின்றது, தண்ணீர் கொதித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை. ஆறரை மணி என்பதற்கு அடையாளமாகிவிட்டது. வேறு பெல் வாங்கலாமே என்று கேட்டவர்களிடம், "எதுக்கு? வாய்க்குத் துரு ஏறாது" என்பார்.

சின்ன சைக்கிள் மகளோடு வளர்ந்தது. அவள் பத்து வயதில் உயரமானபோது அதுவும் ஒரு சாண் உயர்ந்தது. பதினான்கில் அவளுக்குக் கைகால் நீண்டபோது அதன் கைப்பிடியும் நீண்டது. அந்த வருஷம் அதற்குச் செயின் அடிக்கடி கழன்றது. பெல்லும் கூடவே பெரிதானது. அவளும் தன் அம்மாவைப்போல் யாரும் சொல்லாமலே மற்றச் சைக்கிள்களைத் துடைத்தாள். அந்த நாட்களில் மாலை நேரத்தில் அறையில் எண்ணெய் வாசனையும் ஈர இரும்பு வாசனையும் கலந்து வரும். அங்கே இருந்தவர்கள் இன்று எந்த ஊரில் இருந்தாலும், சைக்கிள் கடையைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். பிறகு செயலாளர் காலமானார். பதிவேட்டைக் கரையான் தின்றது. அறைக்காரி முட்டி வலி வந்ததால் சாவியைத் தானாகவே கொடுத்துவிட்டு, மகளோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோனாள். மகளுக்கு அங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

சின்ன சைக்கிள் பிறந்து இருபத்தாறு வருஷம் கழித்து அந்தக் கடைக்கு வாத்தியாரின் மனைவி வந்தார். முகத்தை வைத்து அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிகிற பார்வையும் இல்லை. எழுத்துப் பலகையின் முதல் வரியோடு நின்றுவிட்டார்.

"தைக்கறதுக்குக் கைப்பழக்கம் போதும்மா, கண்ணு வேண்டாம். ஜன்னல்ல பாக்கறதுக்குத்தான் கேக்கறேன். எங்க வீட்டுக்காரருக்குப் போன மழையில தொண்டை கட்டினது, கொரலே போயிடுச்சு. முன்னெல்லாம் வர்றப்ப கத்துவாரு. இப்ப எப்ப வர்றாருன்னே தெரியறதில்லை. குத்துமதிப்பா தண்ணி வெக்கறேன், ஆறிப்போகுது, மறுபடி வெக்கறேன். அவரு வந்து பச்சத்தண்ணியைக் குடிச்சுட்டுப் பேசாம உக்காந்துக்கறாரு. பேசவும் முடியாதே பாவம்."

அவள் தான் யார் என்று சொல்லவில்லை. கண்ணாடிக்கு அளவு எடுத்து, கைபிடித்துப் படியிறக்கி விட்டாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய கட்டடத்துக்குப் போனாள். புது அறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். சாவி, அவள் அம்மா மாட்டிவைக்கும் அதே ஆணியில் தொங்கியது. சுவரில் 17½ மங்கியிருந்தது. தன் சைக்கிளை அங்கே நிறுத்தி, வாத்தியாரின் சைக்கிளோடு கைப்பிடி உரசும்படி திருப்பி வைத்தாள். காலை மழையில் நனைந்து இன்னும் ஈரமாக இருந்த அதன் மட்கார்டைத் துடைத்தாள். பிறகு தன் சைக்கிளிடம் குனிந்து ஒருமுறை கேட்டாள். காது கேட்கவில்லையோ என்று இன்னொரு முறையும் கேட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை; கொடுக்கிறவரை உற்றுப் பார்ப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். கடவுளும் கொடுக்கும்போது நம் எதிரே வந்து நிற்பதில்லை.

திரும்ப எடுத்தபோது அவள் கைப்பிடியில் பெல் இருந்த இடம் மட்டும் வெயில் படாத பச்சையாக இருந்தது. கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனையில் யாரோ குறுக்கே வந்தார்கள். "ட்ரிங், ட்ரிங்" என்று வாயால் சொல்லிக்கொண்டு வளைந்து போனாள்.

சாயங்காலம் வாத்தியார் வெளியே கிளம்ப அறைக்கு வந்தார். கைப்பிடியைப் பார்த்தார். மூடியில் பஸ்காரன் இடித்த நசுங்கல், பழைய அளவில் இருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்தார். போய் ரொட்டி வாங்கிக்கொண்டு, ஆறரை மணிக்குத் தெருமுனையில் இரண்டு முறை அடித்தார்.

மூன்றாம் மாடியில் தையல் மெஷின் நின்றது. அவர் படியேறி முடித்தபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.