நண்டுப் பெட்டிக்கு இடமில்லாத விமானம்

1

இந்தக் கதை எனக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் கிடைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் போனில் யாரிடமோ சொன்னாள்: "ஏரோப்ளேன மாத்திட்டானுங்களாம், நண்டெல்லாம் செத்துப்போச்சி." மரக்காணம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். மிச்சத்தை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: வானத்தில் அந்த வெள்ளிப் பறவை

அடித்துவிட்டேன். விமானத்தைப் பறவை என்று எழுதுகிறவர்கள் டிக்கெட் எடுத்து அதில் போனவர்கள். நான் போனதில்லை. இந்தக் கதையில் வரப்போகும் துர்காவும் போனதில்லை. இத்தனை பெட்டி ஏறும், இத்தனை ஏறாது. விமானம் என்றால் அவளுக்கு அவ்வளவுதான்.

2

துர்கா மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். திண்டிவனத்தில் டிகிரி முடித்தவள். அவள் வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. உயிர் நண்டை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கொட்டகையில், கம்ப்யூட்டர் முன்னால் அவளுக்கு வேலை. அதே கொட்டகையில் அவள் அம்மா ஜெயம்மாள் தரையில் உட்கார்ந்து நண்டு கட்டுகிறாள். கொடுக்கை மடக்கி, நனைத்த சணலைக் குறுக்கே சுற்றி ஒரு முடிச்சு. கட்டு தளர்ந்தால் நண்டுகள் பெட்டிக்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ரொம்ப இறுகினால் கொடுக்கையே கழற்றிப் போட்டுவிடும்.

அவற்றைச் சென்னையிலிருந்து தூரதேசத்து நகரம் ஒன்றுக்குக் கொண்டுபோனது ஒரு பெரிய விமானம். (நகரத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். நண்டுக்கு அது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.) நான்கு எஞ்சின். ஆட்கள் உட்காரும் தளத்துக்குக் கீழே கல்யாண மண்டபம் மாதிரி இடம். எண்ணெயைக் குடித்துத் தீர்த்தது. அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டே எஞ்சின், எடை குறைந்த உடம்பு, ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம். பூமிக்கு நல்லது என்கிறார்கள். நல்லதுதான்.* ஆனால் அளவில் சின்னது. பயணிகளின் மூட்டைமுடிச்சு ஏறியபின் நண்டுக்குப் பாதி இடம்தான் மிஞ்சியது. ஏற்றாமல் விட்ட பெட்டிகள் விமான நிலையக் கிடங்கிலேயே கிடந்தன. உள்ளே நண்டுகள் புழுங்கிச் செத்தன. கொட்டகையில் அந்தத் தகவலை முதலில் படித்தவள் துர்கா.

* இந்த இடத்தில் புது விமானத்தைத் திட்டி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். குறைவாகக் குடிப்பது குற்றமில்லை. மிச்சம் பிடிக்கும்போது யார் சோற்றில் முதலில் கை வைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கேட்டால், மாற்றம் தவிர்க்க முடியாதது என்பார்கள். அப்படிச் சொல்கிற ஒருவரும் தரையில் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை.

3

மேனேஜர் பிரேம்குமார். முதல் வரைவில் அவனுக்குத் தடித்த சங்கிலியும் ஒரு கோணல் சிரிப்பும் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தால் சினிமா வில்லன். நிஜத்தில் அவனும் விழுப்புரத்தில் யாரோ ஒரு கொத்தனாருக்குப் பிறந்த முதல் பட்டதாரியாகத்தான் இருப்பான். அவன் பயம் எனக்குப் புரிகிறது. அதற்காக மன்னிக்க வேண்டுமா? மாட்டேன்.

பாதி நண்டுக்குப் பாதிப் பேர் போதும். நிறுத்த வேண்டியவர்களில் ஜெயம்மாளும் ஒருத்தி. ஆனால் கொட்டகைக்கு இடம் கொடுத்தது ஊர்ப் பஞ்சாயத்து, எங்கள் பெண்களுக்குத்தான் வேலை என்று பேசிக் கொடுத்த இடம். சும்மா நிறுத்தினால் ஊரே திரண்டு வந்து வாசலில் நிற்கும். வேலை சரியில்லை என்று சொல்லிவிட்டால் யாரும் பரிந்து வரமாட்டார்கள்.

பிரேம்குமார் துர்காவை உள்ளே கூப்பிட்டான்.

"கட்டு லூசு, அதான் நண்டு செத்துப்போச்சின்னு நீயே சொல்லிடும்மா."

"பிளேன் மாறினதுக்குக் கட்டு இன்னா சார் பண்ணும்?"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். நான் சொன்னா பேஜாரு. நீ அவங்க வூட்டுப் பொண்ணு, படிச்ச பொண்ணு. நீ சொன்னா நம்பிடுவாங்க."

சொல்லாவிட்டால் உனக்கும் வேலை இல்லை என்று அவன் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த அவள் நாற்காலியை ஒரு தரம் பார்த்தான். அந்த வீட்டுக்கு மிஞ்சப்போவது அந்த ஒரு நாற்காலிதான்.

4

முடிவு ஒன்று. துர்கா வெளியே வந்து உண்மையைப் போட்டு உடைக்கிறாள். பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். பிரேம்குமார் வாயடைத்துப்போய்

எழுதியிருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும். பஞ்சாயத்து வரும், சத்தம் போடும், ஒருவேளை வேலைகூடத் திரும்பக் கிடைக்கும். பெட்டி ஏற விமானத்தில் இடம்? அதற்கு எந்தப் பஞ்சாயத்தைக் கூட்டுவது? இவ்வளவுக்கும் பிறகு துர்கா எங்கே வேலை தேடுவாள் என்று நீங்கள் கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

முடிவு இரண்டு. பொய்யைச் சொல்லிவிடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகிற கிருஷ்ணவேணி சும்மா விடமாட்டாள். "எங்க கட்டு லூசா? உங்க ஏரோப்ளேன்லதான் எங்கனா ஓட்ட இருக்கும், போய்ப் பாரு" என்பாள். அவளை அடக்குவது ஜெயம்மாளாகத்தான் இருக்கும்.

"சும்மா இருடீ. படிச்ச புள்ள சொல்லுது. தப்பு நம்ம கையிலதான் இருக்கும்."

பிறகு வீட்டில் ஒரு நண்டை வைத்துக்கொண்டு கட்டுவாள், அவிழ்ப்பாள், மறுபடி கட்டுவாள். கொடுக்கு கழன்று கையோடு வரும்வரை இறுக்குவாள்.

இதை எழுதியதும் என் டிகிரி மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பெண்ணைப் படிக்கவைக்கிறார்கள். அவள் வாயால் சொன்னால் பொய்யும் எடுபடும் என்று தெரிந்துகொண்டு, அந்த வாயைச் சம்பளத்துக்கு எடுக்க ஒருத்தன் வருகிறான்.

5

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை.

பெண்கள் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். துர்கா கதவருகே நிற்கிறாள். உள்ளே பிரேம்குமார் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். ஜெயம்மாள் மகளை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"இன்னாடீ, சொல்லு. நாங்க கட்டுனதுல ஏதாவது கோளாறா?"

'ஆமாம்மா' என்று எழுதினேன், அடித்தேன். 'இல்லம்மா' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. உங்களில் சிலர் அந்தப் புது விமானத்தில் போயிருப்பீர்கள். சத்தமே இல்லை, உடம்பு அலுப்பே தெரியவில்லை என்று வந்து சொல்லியிருப்பீர்கள். உங்கள் பெட்டி உங்களோடு பத்திரமாக வந்து சேர்ந்ததுதானே?

ஜெயம்மாள் காத்திருக்கிறாள். அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.