ஆட்டினால்தான் நேரம் தெரியும்

நாற்பது வயதாகியும் வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் அவ்வளவு குள்ளம். நீச்சல் பயிற்சியாளரான அவள் அண்ணி மட்டும், காரியம் ஆகவேண்டுமென்றால் 'ராசாத்தி' என்பாள். போட்டி நாளன்று காலையிலேயே மூன்று ராசாத்தி ஆகிவிட்டது.

காரணம், நீச்சல்குளத்துச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த பெரிய திரை. நீந்துகிறவர் சுவரைத் தொட்டதும் நேரத்தைக் காட்டும் புரோகிராமைப் பதினைந்து வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்தவள் வாண்டுதான். எதில் எழுதினாளோ அந்த மென்பொருளைச் செய்தவர்கள் கடையைக் கட்டி வெகுகாலமாகிறது. நேரம் அளப்பதில் அது புலி, காட்டுவதில்தான் கோளாறு. பழைய எண்ணை அழிக்காமல் அதன் மேலேயே புது எண்ணை எழுதும். மூன்றும் எட்டும் கட்டிப் புரளும். முதலில் ஒரு வெள்ளைக் கட்டத்தால் மூடிவிட்டு அப்புறம் எண்ணை எழுதச் சொல்லி, இத்தனை வருஷம் சமாளித்து வந்தாள்.

பெரிய திரையிடம் அது பலிக்கவில்லை. முதல் போட்டியில் எட்டுப் பேரும் சுவரைத் தொட்டு, தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். திரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னடி, ஒண்ணுமே வரல?" அண்ணி ஓடி வந்தாள்.

"உள்ள எல்லாம் இருக்கு அண்ணி. வெளிய வரமாட்டேங்குது."

"கூட்டம் பூரா என்னையே பாக்குது. எதையாவது பண்ணு!"

வாண்டு பதறிப்போய் மவுஸைப் பிடித்து விண்டோவை வலப்பக்கம் இழுத்தாள். எட்டு நேரங்களும் பளிச்சென்று வந்து நின்றன. நகர்த்தினால்தான் அது தன்னைப் புதிதாக வரைந்துகொள்கிறது!

அடுத்த போட்டியில் கடிகாரம் ஓடவேண்டுமே என்று விண்டோவை இடமும் வலமுமாக விடாமல் ஆட்டினாள். சுவரில் ஆளுயர எண்கள் ஊஞ்சலாடின. கூட்டத்தின் தலைகளும் கூடவே ஆடின. மைக் பிடித்தவர், "இடம்... வலம்..." என்று எடுத்துக் கொடுக்க, கைதட்டல் தாளமாகவே மாறிவிட்டது. வாண்டுக்கு மணிக்கட்டு விட்டுப்போனதும் அண்ணி மவுஸை வாங்கி, மாவு சலிப்பதுபோல் சலித்தாள்.

"மெதுவா அண்ணி, எனக்குத் தலை சுத்துது!"

"சும்மா இரு, எனக்கு இப்பத்தான் கை வருது!"

பத்து நிமிஷ இடைவேளை கிடைத்தது. எண்ணை எழுதியதும் விண்டோ தானாகவே ஒரு புள்ளி நகர்ந்து திரும்பட்டும் என்று வாண்டு ஒரு வரி சேர்த்தாள். ஆனால் அந்தப் பழைய மென்பொருளில் கடைசி வரியில் அடிப்பது உடனே கண்ணுக்குத் தெரியாது. எத்தனை புள்ளி என்பதற்கு '1' என்று அடித்தாள், காணோம். மறுபடி அடித்தாள், காணோம். மூன்றாவது தடவையும் அடித்தாள், அதற்குள் மணி அடித்துவிட்டது.

போட்டி தொடங்கிக் கடிகாரம் ஓடியபோதே விண்டோ நடுங்கிக் குதித்தது. ஒவ்வொருவர் சுவரைத் தொட்டபோதும் தவளைபோல் துள்ளிப்போய்த் திரும்பி வந்தது. கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது. முதலாவதாக வந்தவள் ஜெயித்ததையே மறந்து, தண்ணீரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நூத்திப் பதினொண்ணு!" வாண்டு தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு புள்ளிக்குப் பதிலா நூத்திப் பதினொரு புள்ளி தாவுது அண்ணி!"

அரை நிமிஷத்தில் திருத்தினாள். அடுத்த போட்டியில் எண்கள் அசையாமல், சுத்தமாக வந்தன. கூட்டம் "ச்சே" என்றது. மைக் பிடித்தவர் நேரில் வந்து, "எங்கங்க போச்சு அது?" என்று கேட்டார்.

கடைசிப் போட்டி ஆறு வயதுப் பொடிசுகளுக்கு.

"இதுங்களுக்கு மட்டும் திரும்பப் போடு" என்றாள் அண்ணி.

"நூத்திப் பதினொண்ணா?"

"இருநூறு போடேன்!"

வாண்டு முந்நூறு போட்டாள்.

பொடிசுகள் தட்டுத் தடுமாறிச் சுவரைத் தொட்டன. விண்டோ திரையின் அந்தக் கோடிக்குத் தாவியது. புரோகிராம் முதல் தொடுதலைத்தான் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் எத்தனை தடவை தொட்டாலும் எண்ணைத் திரும்ப எழுதும். இதைப் பொடிசுகள் கண்டுபிடிக்க ஐந்து விநாடிகூட ஆகவில்லை. எட்டும் சுவரைப் பட்பட்டென்று அடிக்க, விண்டோ கிறுக்குப் பிடித்ததுபோல் எகிறியது. அப்பாக்களும் அம்மாக்களும் கரையிலிருந்து கெஞ்சினார்கள். ஒன்றும் ஏறி வரவில்லை.

"இருங்க, நான் தூக்கிட்டு வரேன்" என்று அண்ணி உடுத்திய உடுப்போடு குதித்தாள். நாலு வீச்சில் சுவருக்குப் போனாள். குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தானும் சுவரில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.