இடது காலா, வலது காலா

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இன்ஸ்பெக்டர் ஒரு நீல நிற ஐஸ் பெட்டியை என் மேசைமேல் வைத்தபோது, என் தம்பி காணாமல் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

நான் அருங்காட்சியகத்தில் எலும்பு அறையைப் பார்த்துக்கொள்பவள். ஆட்டை அடித்தது நாயா சிறுத்தையா, சாக்கடையில் கிடந்த மண்டையோடு எதனுடையது என்று கேட்டு அவர் வருவது வழக்கம். வந்ததும் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு டீ கேட்பார். அன்று மூடியின்மேல் கையை வைத்தபடியே நின்றார்.

"பிணவறை டாக்டர் திங்கக்கிழமைதான் வர்றாராம். உங்ககிட்ட கொண்டு வரக் கூடாதுன்னுதான் நெனச்சேன் மேடம். வேற ஆள் தெரியல."

"எங்க கெடச்சது?"

"மலைப்பக்கம், கரன்ட் லைனுக்குக் கீழ. வெறகு பொறுக்கப் போனவங்க பார்த்திருக்காங்க."

என் தம்பி லைன்மேன். செவ்வாய்க்கிழமை காலையில் மின்கோபுரங்களைப் பார்த்துவரப் போனவன். லைன் ஆற்றைத் தாண்டும் இடத்தில் அவனுடைய பைக் நின்றதால், தண்ணீரில் விழுந்திருப்பான் என்று எல்லோரும் ஆற்றுப்பக்கமே தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி என்னோடு ஸ்டேஷனுக்கு வருவதற்காக வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி உள்ளே வந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

திறந்தேன். ஒரு பாதம். தோல் இல்லை. பாதிச் சதையை எறும்பும் நரியும் தின்றிருந்தன. குதிகால், அகன்ற உள்ளங்கால், வரிசையாக ஐந்து விரல்கள். விரல் நுனிகள் மட்டும் இல்லை. கணுக்காலுக்கு மேல் இரண்டு எலும்புகள் ஒரு சாண் நீளம் நின்று, முறிந்திருந்தன. அளவு என் தம்பியின் அளவு. அவனுக்குப் பத்தாம் நம்பர் ஷூ. "படகு வேணுமா சார்?" என்று கடைக்காரர் கேலி செய்வார்.

தோலுரித்த கரடியின் பின்னங்காலைப் பார்த்து டாக்டர்களே ஏமாந்திருக்கிறார்கள். பிரித்தறிய ஒரு வழி உண்டு. முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் இருப்பது தடித்த எலும்பு, வெளிப்பக்கம் மெல்லியது. மனிதனுக்குப் பெருவிரல் தடித்த எலும்பின் பக்கம் இருக்கும். கரடிக்குப் பெரிய விரல் மெல்லிய எலும்பின் பக்கம். அதனால் கரடியின் வலது கால் மனிதனின் இடது காலைப் போலத் தெரியும். நூறு பேருக்காவது இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அன்று எது தடித்தது, எது மெல்லியது என்றே எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மறுபடியும் துடைத்தேன்.

பெரிய விரல் மெல்லிய எலும்பின் பக்கம்தான் இருந்தது.

ஆனாலும் மனம் ஆறவில்லை. கரடியாக இருக்கட்டும் என்று ஏங்குவதால்தான் கரடியாகத் தெரிகிறதோ? பக்கத்து அறையில் விலங்குத் தோல்களுக்குப் பஞ்சடைப்பவரைக் கூப்பிட்டேன். அவரை எல்லோரும் பஞ்சு என்றுதான் சொல்வோம். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கரடி," என்றார். "வலது பின்னங்கால். தோலோட நகத்தையும் சேர்த்து எடுத்திருக்கான். கை தேர்ந்த ஆளுதான்."

போன உயிர் திரும்பி வந்தது. அவர் முறிந்த முனையைத் திருப்பினார். "இதப் பார்த்தீங்களா?"

எலும்பின் இரண்டு பக்கமும் எதிரெதிரே குழிகள். ஒரே அளவு, ஒரே இடைவெளி. எந்த மிருகத்தின் பல்லும் அப்படி அளந்து வைத்ததுபோல் பதியாது. இரும்புப் பொறி.

"பொறி வைக்கிறவன் ஒண்ணோட நிறுத்த மாட்டானே," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

லைனுக்குக் கீழே மரங்களை வெட்டிவிட்ட பாதையில்தான் கரடி நடக்கும். என் தம்பியும் அதில்தான் நடப்பான்.

வராந்தாவுக்குப் போய், "அது அவன் இல்லம்மா, கரடி," என்றேன்.

"அப்ப அவர் எங்கக்கா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மலையடிவாரத்தில் இருந்தோம். நான், இன்ஸ்பெக்டர், மூன்று போலீஸ்காரர்கள்; ஆளுக்கொரு கழி. தடம் பார்க்கத் தெரிந்தவள் என்பதால் நான் முன்னால். ஒவ்வொரு அடிக்கும் கழியால் தரையைக் குத்திப் பார்த்து, குத்திய இடத்தில் மட்டும் கால் வைத்தோம். ஐந்தாவது கோபுரத்தருகே காய்ந்த சேற்றில் ஒரு ஷூ தடம் இருந்தது. பெரிய ஷூ. அதன் குதிகால்மேல் அகலமான இன்னொரு தடம் அழுந்தியிருந்தது, முன்னால் ஐந்து நகக் குழிகளோடு. பக்கத்திலேயே சின்னதாக ஒன்று. அவன் போன பிறகு தாய்க்கரடியும் குட்டியும் அதே வழியில் போயிருக்கின்றன.

"என்ன மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போவோம்," என்றேன்.

இருபது அடி போயிருப்போம். கழி முனையில் சருகுகள் துள்ளின. பொறி மூடிய வேகத்தில் கழி இரண்டாக ஒடிந்தது. என் கால் ஒரு முழம் பின்னால் இருந்தது. இன்ஸ்பெக்டர் தன் கழியை என்னிடம் நீட்டினார்.

அடுத்த கோபுரத்தின் அடியில், இரும்புக் காலில் முதுகைச் சாய்த்து என் தம்பி உட்கார்ந்திருந்தான். இடது கணுக்கால் பொறிக்குள். பக்கத்தில் காலித் தண்ணீர் கேன், சிக்னல் இல்லாத போன். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளங்கையை உயர்த்தினான்.

"கத்தாத அக்கா," என்றான். குரல் வெறும் காற்றாக வந்தது. "பின்னால புதர்ல இருக்கு. குட்டியோட."

புதர் அசைந்தது. கறுப்பு முதுகு ஒன்று தெரிந்து மறைந்தது. குட்டி ஒன்று வெளியே வந்து எங்களைப் பார்த்து நின்றது. தாய் அதன் பின்னால் வந்து எழுந்து நின்று மூக்கை உயர்த்தியது. அதற்கும் என் தம்பிக்கும் இடையே பத்தடி இருக்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை, மூடினால் அவனை விட்டுவிட்டதுபோல் இருக்கும் என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது நான்கு காலில் இறங்கி, குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு சரிவில் போனது.

"ரெண்டு நாளா வந்து மோந்து பார்த்துட்டுப் போகுது," என்றான். பிறகுதான் அழுதான்.

பொறியின் இரு பக்கமும் இரண்டு பேர் ஏறி மிதித்துத் திறந்தார்கள். கணுக்காலுக்குக் கீழே டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி அவன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்; காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொறி வைத்தவன் அடுத்த மாதம் அகப்பட்டான். அதுவரை மலையிலிருந்து நான்கு பொறிகளை எடுத்திருந்தார்கள். மொத்தம் எத்தனை வைத்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எண்ணல சார்," என்றானாம்.

அந்த லைனுக்கு இப்போது வேறொருவர் போகிறார்.